சொல்லியும் கூவியும்

சித்திரை மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில், காக்கைகள் வாயைப் பிளந்துகொண்டு கருவேல நிழலில் உட்கார்ந்திருந்த நேரத்தில், சிறுவயலங்குடிக் கண்மாய் கரையிலிருந்து கரைவரை உறைந்து கட்டியாகிப்போனது. அப்போது படித்துறையில் புருஷனுடைய வேட்டியை அலசிக்கொண்டிருந்த முத்திருளாயிக்கு, தண்ணீருக்குள் விட்ட பாதி வேட்டி திரும்ப வரவில்லை. இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை காலை ஊன்றிப் பலமாக இழுத்தபோது வேட்டி கிழிந்து கையில் ஒரு முழம் வந்தது. மிச்சம் கண்ணாடிக்குள் மாட்டிவைத்ததுபோல நீலக்கரை தெரிய விரிந்து கிடந்தது. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அலசாத துணிகளை அடிபம்பில் அலசிக்கொள்ளலாம் என்று வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

"கண்மா கட்டியாப் போச்சு மச்சான்," என்று சேவுகனிடம் சொன்னாள். "வேட்டி கிழிஞ்சிருச்சு."

"எந்த வேட்டி?" என்றான் அவன்.

சாயங்காலத்துக்குள் ஊரே கரையில் நின்றது. முதலில் ஆடுகள் இறங்கின, பிறகு பிள்ளைகள், பிறகு பிள்ளைகளை அடிக்கப் போன தாய்மார்கள், அவர்களைக் கூட்டிவரப் போன ஆண்கள். மேலே நெருப்பாக வெயில் அடித்தது; காலுக்குக் கீழே குளிர் எலும்புவரை ஏறியது; இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. வெட்டி எடுத்த துண்டு மற்ற எந்தக் கட்டியையும் போல உள்ளங்கையில் கரைந்தது, ஆனால் கண்மாயில் கிடந்தது கரையவில்லை. மறுநாள் தலையாரி வந்து பார்த்து, நீர் இருப்பு வழக்கம்போல், நிலை கெட்டி என்று எழுதிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் டீக்கடைக்காரர் கடப்பாரையோடு போய் ஒரு கூடை வெட்டி வந்து சர்பத் போட்டார். ஒரு வாரத்தில், ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் மினிபஸ் கண்மாயின் குறுக்கே போகத் தொடங்கியது. பத்தாம் நாளில் மூட்டுவலிக்காரர்கள் கண்மாய்க்காற்றைத் திட்டினார்கள், வேர்க்குரு வந்தவர்கள் அங்கே போய் முதுகைக் காட்டிப் படுத்தார்கள், சம்பந்தம் பேச வந்த வெளியூர்க்காரர்கள் அதைப் பற்றி விசாரித்தபோது, கரண்டு போய்விட்டு வருவதைச் சொல்வதுபோல, "ஆமா, உறைஞ்சு கெடக்கு," என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள்.

கட்டிக்கு அடியில் மீன்கள் இருந்தன. கெண்டையும் கெளுத்தியும் விராலும், வீட்டுத் தரைக்குக் கீழே இன்னொரு குடும்பம் நடமாடுவதுபோல, மனிதர்களின் காலடியில் போய் வந்துகொண்டிருந்தன. வலை போட வழியில்லை. அதனால் கடப்பாரையால் முழங்கை ஆழத்துக்குத் துளை போட்டு, தூண்டில் நரம்பில் முள்ளையும் இரையையும் கட்டி இறக்கினார்கள். சேவுகன் அதில் இறங்கினான். அவன் திருப்பூருக்குப் போய்த் திரும்பியவன், செங்கல் சூளைக்குப் போய்த் திரும்பியவன், கேரளாவுக்குக் கிழங்கு பிடுங்கப் போய்த் திரும்பியவன்; எங்கே போனாலும் மூன்றாவது மாதம் வீட்டு வாசலில் பையோடு நின்று, "சரிப்பட்டு வரல புள்ள," என்று சிரிப்பவன். குடும்பம் நடந்தது முத்திருளாயியின் கையால். அவள் மெயின்ரோட்டு நிறுத்தத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து குடை ரிப்பேர் பார்த்தாள், பை ஜிப்பு மாற்றினாள், ஸ்டவ் அடைப்பெடுத்தாள். வடிவு என்று ஒரே மகள், ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

துளைக்குப் பக்கத்தில் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பது மனிதனால் ஆகிற காரியமாக இல்லை. தலையில் சித்திரையும் காலில் மார்கழியுமாக உட்கார்ந்தவர்கள் வரிசையாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். நரம்பை இறக்கிவிட்டுக் கரைமேல் புளியமரத்தடியில் இருக்கலாம் என்றால், மீன் கடித்தது தெரியாது. போய்ப் பார்ப்பதற்குள் இரையைத் தின்றுவிட்டுப் போயிருக்கும். ஒருநாள் சேவுகன் பாதத்தில் தோலுரிந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். முத்திருளாயி அந்தக் காலைப் பார்த்தாள். மறுநாள் பழைய குடை ஒன்றைப் பிரித்துக் கம்பிகளை உருவினாள்.

அவள் செய்தது இவ்வளவுதான். குடைக்கம்பியைத் துளையோரத்தில் நட்டு, அதன் நுனியை வளைத்து, நரம்பில் போட்ட சின்னக் கண்ணிக்குள் மாட்டிவிட வேண்டும். நரம்பின் கீழே முள்ளுக்கு மேலாக ஒரு கூழாங்கல் தொங்கும். தண்ணீருக்குள் தொங்கும் கல்லின் கனத்துக்குக் கண்ணி அசையாது. மீன் இழுத்தால் கண்ணி நழுவும், கம்பி விடுபட்டு நிமிரும், நுனியில் கட்டிய சிவப்புத் துணி மேலே வரும். கரையில் இருப்பவன் பார்த்துக்கொள்ளலாம்.

சொல்வதற்கு இவ்வளவுதான், சரியாக வருவதற்கு அவளுக்குப் பத்து நாளானது. ஈரக் கண்ணி குளிரில் கம்பியோடு ஒட்டிக்கொண்டு மீன் இழுத்தாலும் நழுவவில்லை. மெழுகுவத்தியைத் தேய்த்தபோது நழுவியது. துணி அகலமாக இருந்தால் காற்றே அதைத் தூக்கிவிட்டது. இரண்டு விரல் அகலத்துக்குக் குறைத்தாள். வளைவு கூடினால் மினிபஸ் போகும் அதிர்வுக்கே எழுந்தது, குறைந்தால் சின்னக் கெண்டைக்கு எழவில்லை. செய்த ஒவ்வொன்றையும் ஒரு பகல் முழுக்கக் காற்றில் நட்டுவைத்துப் பார்த்தாள். சும்மா எழுந்ததைத் திரும்ப வளைத்தாள். எழ வேண்டியபோது எழாததை ஒடித்துப் போட்டாள். "போதும்டி, நூத்துல ஒண்ணு தப்புனா என்ன," என்று பக்கத்து வீட்டு அங்கம்மா சொன்னபோது, "அந்த ஒண்ணுக்கு ஒரு ஆளு கால் வெந்து போயிட்டு வரணும்ல அக்கா," என்றாள்.

ஊர் அதற்குச் சொல்லி என்று பேர் வைத்தது. வைகாசி முழுக்கக் கண்மாயில் அவளுடைய சொல்லிகள்தான் இருந்தன. சிவப்புத் துணி எழுந்தால் கீழே மீன் இருந்தது, எழாவிட்டால் இல்லை. ஆட்கள் புளியமரத்தடியில் சீட்டாடிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். எழுந்ததும் போய் எடுத்து வந்தார்கள். பேச்சிலும் அது ஏறியது. பெண் வீட்டார் சம்மதம் தந்துவிட்டால் சொல்லி எழுந்துவிட்டது என்றார்கள். சாகக் கிடப்பவரின் வாசலில் நின்று, சொல்லி இன்னும் எழவில்லை என்றார்கள். அந்த ஒரு மாதம் முத்திருளாயி தெருவில் போகும்போது ஆண்கள் வழி விட்டார்கள்.

ஆனியில் மீன் குறைந்தது. கோடையில் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், கட்டிக்கு அடியிலும் அது இறங்கியது. ஆட்கள் நரம்பை முழம் முழமாக நீளவிட்டார்கள். கட்டி மட்டும் சித்திரையில் நின்ற மட்டத்திலேயே, இரண்டு கரையையும் பற்றிக்கொண்டு நின்றது. அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அவர்கள் யோசித்ததெல்லாம் எழாமல் கிடக்கும் சிவப்புத் துணிகளைப் பற்றித்தான். காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒரு துணிகூட எழாத நாட்கள் வந்தன. சீட்டுக்கட்டை யாரும் தொடவில்லை. கண்மாயையே பார்த்துக்கொண்டிருந்து கண் பூத்துப்போய் வீட்டுக்கு வந்தவர்கள், பெண்டாட்டி கேட்டதற்கு, "முத்திருளாயி சொல்லி ஒண்ணும் சொல்லல," என்று பதில் சொன்னார்கள், ஏதோ மீனை அவள் ஒளித்து வைத்திருப்பதுபோல.

"ஒரு நா முழுக்க ஒண்ணுமே சொல்லலன்னா அதுக்குப் பேரு சொல்லியா?" என்று அவளிடமே கேட்டார்கள்.

"மீன் இல்லைன்னு சொல்லுதுல்ல," என்றாள் அவள்.

அந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை.

மீன்பிடிப்போர் சங்கத்தின் தலைவர் வீரணன் ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்று உண்மையிலேயே நினைக்கிறவர். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திவரை நின்று பரிமாறுவார். கண்மாய் மடைக்குக் கீழே அவருடைய வாழைத்தோப்பு இருந்தது. அந்தக் கோடையிலும் இலை வாடாமல் இருந்தது. ஆனி கடைசியில் அவர் எங்கேயோ பேசி, லாரியில் அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே, சோப்பு டப்பா அளவில் மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டிகள். பேட்டரி போட்டு, நரம்பைக் கொக்கியில் மாட்டித் துளையோரம் வைத்தால், மீன் இழுத்தவுடன் சிவப்பு விளக்கு மின்னும், பிறந்த ஆட்டுக்குட்டி தாயைக் கூப்பிடுவதுபோல ஒரு சத்தம் வரும். உறுப்பினருக்கு ஆளுக்கு ஆறு, இலவசம். ஊர் அதற்குக் கூவி என்று பேர் வைத்தது.

கூவி மீனுக்குக் கூவியது. காற்றுக்கும் கூவியது. மினிபஸ் போனால் கூவியது, காக்கை வந்து உட்கார்ந்தால் கூவியது, பக்கத்துக் கூவி கூவினால் கூவியது, வெயிலில் பிளாஸ்டிக் விரிந்தால் கூவியது. ஆட்கள் ஓடினார்கள். கரையிலிருந்து நடுக்கண்மாய்க்கும் நடுக்கண்மாயிலிருந்து மறுகரைக்கும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, நரம்பை இழுத்து, வெறும் முள்ளைப் பார்த்து, "இப்பத்தான் தப்பிருச்சு," என்று சொல்லி, இரையை மாற்றிவிட்டு அடுத்த சத்தத்துக்கு ஓடினார்கள். எழவு வீடுபோல இருந்த கண்மாய் திருவிழாபோல ஆனது. நூறு தடவை ஓடியதில் ஒரு தடவை மீன் இருந்தது. அந்த மீனைப் பற்றி ஒரு வாரம் பேச்சு இருந்தது. வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு முப்பது தடவ கூப்பிட்டுச்சு," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள். சட்டியில் ஒன்றும் இல்லைதான். ஆனாலும் அது வேறு மாதிரியான ஒன்றுமில்லை.

இரண்டு வகைக் கருவியும் ஒரே இடத்தில் இருந்தால் நரம்பு சிக்குகிறது, ஒன்றை முடிவு செய்ய வேண்டும் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. வீரணன் நியாயமாக நடக்க விரும்பினார். மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். சங்கக் கட்டடத்து வாசலில் சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மேலே கட்டியை மிதக்கவிட்டு, ஒரு துளையில் கூவியையும் ஒரு துளையில் சொல்லியையும் வைத்தார்கள். அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்து காலையிலிருந்து மதியச் சாப்பாடுவரை கோடு கோடாகக் குறித்தார். கூவி முப்பத்தேழு தடவை கூவியது. சொல்லி ஒரு தடவைகூட எழவில்லை.

"தொட்டியில மீனே இல்லையே சார்," என்றாள் முத்திருளாயி.

"இல்லைதாம்மா," என்றார் அவர் கனிவாக. "ரெண்டுக்கும் இல்ல. அதனாலதான் ரெண்டையும் சமமா வச்சுப் பாக்க முடியுது."

சொல்லி இயங்கவில்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, அவளிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கூடியிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களில் பாதிப்பேர் அவளுடைய சொல்லியால் ஒரு மாதம் மீன் தின்றவர்கள். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் காலையில் அவள் கதவைத் திறந்தபோது, வாசலில் குடைக்கம்பிகள் விறகுபோலக் குவிந்து கிடந்தன.

மடைக்குழிப் பக்கம் மட்டும் பன்னிரண்டு சொல்லிகளை அவள் விட்டுவைத்திருந்தாள். கண்மாயிலேயே ஆழமான இடம் அது. அங்கே நரம்பு போதாது என்று வேறு யாரும் துளை போடவில்லை. கல் சேற்றுக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி நரம்பை இறக்கி, பொழுதுக்கும் மடைக்கட்டில் உட்கார்ந்து குடை தைத்தாள். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ எழும். அவை எழுந்தபோதெல்லாம் மீன் இருந்தது.

சேவுகனும் ஆறு கூவி வாங்கி வந்திருந்தான். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை என்றான் முதல் நாள். பத்து நாளில் அவன் ஆளே மாறிப்போனான். விடியும் முன் எழுந்து இரை பிசைந்தான். மற்றவர்கள் களைத்து உட்கார்ந்த பிறகும் ஓடினான். கல்யாணமான பதினைந்து வருஷத்தில் அவன் ஒரு வேலையை மூன்று மாதத்துக்கு மேல் நினைத்தது கிடையாது. இதை அவன் தூக்கத்திலும் நினைத்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் ஒரு மினுமினுப்பு வந்திருந்தது. ஒருநாள் மத்தியானம் வெறுங்கையோடு வந்து, கஞ்சிக்கு உட்கார்ந்து, எத்தனை தடவை கூவியது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டுவிட்டாள்.

"மச்சான், அதுல மீன் இல்ல. உங்களுக்குத் தெரியாதா?"

அவன் கஞ்சியைக் குடித்து முடித்தான். வெங்காயத்தைக் கடித்தான். கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"தெரியும் புள்ள," என்றான். "தெரியாமயா ஓடுறேன். ஆனா அது கூப்பிடுதுல்ல. என்னைய யாரு இம்புட்டுத் தடவ கூப்பிட்டுருக்கா?"

அவள் கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தான் அவனை ஒரு நாளில் எத்தனை தடவை கூப்பிடுகிறோம் என்று அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது எண்ணிப் பார்த்தாள். சோற்றுக்கு ஒரு தடவை, ரேஷனுக்கு ஒரு தடவை. வேறு எதற்கும் இல்லை.

ஆடி பதினெட்டு வந்தது. ஓடும் தண்ணீருக்குச் செய்ய வேண்டியதைக் கட்டிக்குச் செய்யலாமா என்று பூசாரியைக் கேட்டார்கள்; அதுவும் தண்ணீர்தானே என்றார். ஊர் புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் கிளறித் தூக்குவாளிகளில் எடுத்துக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கியது. நடுவில் துணி விரித்து, காதோலைக் கருகமணி வைத்து, பெண்கள் கும்மி கொட்டினார்கள். வடிவு தோழிகளோடு அங்கே இருந்தாள். அங்கம்மா பெரிய அண்டாவில் புளிச்சோறு கொண்டுவந்திருந்தாள். ஆண்கள் அவரவர் கூவிகளைச் சுற்றி நின்றார்கள். முந்தின நாளிலிருந்து மடையில் தண்ணீர் முழுவீச்சில் போய்க்கொண்டிருந்தது. வீரணனின் வாழை குலை தள்ளும் பருவம். போகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஒவ்வொரு வருஷமும் கேட்கிற சத்தம்தான்.

மடைக்கட்டில் உட்கார்ந்திருந்த முத்திருளாயி தலையை நிமிர்த்தியபோது ஒரு சொல்லி எழுந்து நின்றது. அவள் ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்தாள். அதற்குள் இரண்டாவது எழுந்தது. மூன்றாவது. ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் பன்னிரண்டும் எழுந்து, பன்னிரண்டு சிவப்புத் துணிகளும் வரிசையாகக் காற்றில் ஆடின.

அவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதை அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. ஓடிப்போய் முதல் நரம்பைப் பிடித்து இழுத்தாள். துடிப்பு இல்லை, வெறும் கனம். இரண்டாவதைப் பிடித்தாள், அதே கனம். கிணற்றில் குடத்தை இழுக்கும்போது, தண்ணீருக்குள் இருக்கும்வரை ஒன்றும் தெரியாமல் வந்து, தண்ணீரை விட்டு மேலே எழும்பிய கணத்தில் தோளைப் பிடித்துக் கீழே இழுக்குமே, அந்தக் கனம். கல் தண்ணீரில் இல்லை; அதன் முழுக்கனம்தான் கண்ணியை நழுவவிட்டிருக்கிறது. அவள் துளைக்குள் ஒரு சில்லைப் போட்டு, காதை வைத்துக் கேட்டாள். சற்றுக் கழித்துச் சேற்றில் பொத்தென்று விழுந்தது.

கண்மாயிலேயே ஆழமான இடத்தில் தண்ணீர் இல்லை என்றால் வேறு எங்கேயும் இல்லை. இரண்டு ஆள் உயரத்துக்கு வெறும் காற்று, அதன்மேல் கட்டி, அதன்மேல் ஊர்.

அவள் சத்தம் போட்டுக்கொண்டு நடுவை நோக்கி ஓடினாள். "கீழ தண்ணி இல்ல. கரைக்கு வாங்க. எல்லாச் சொல்லியும் எந்திரிச்சிருச்சு. கீழ ஒண்ணுமில்ல."

"பன்னெண்டு சொல்லியும் ஒண்ணா எந்திரிச்சுச்சாம்," என்றான் ஒருவன். "இம்புட்டு நாளு ஊமையா இருந்து இப்பத்தான் வாய் வந்துருக்கு."

"மீன் இருந்துச்சா?" என்றான் இன்னொருவன்.

"இல்ல."

"அப்ப அதுவும் கூவி ஆயிருச்சா," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பகையில்லாத சிரிப்பு, இத்தனை நாள் உயரத்தில் நின்றவள் தங்களோடு வந்து உட்கார்ந்தது போன்ற சிரிப்பு.

அங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குச் சொல்லியைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் ஒன்றும் விளங்கவில்லை. முத்திருளாயியின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வடிவின் கையைப் பிடித்து, அண்டாவின் ஒரு காதை அவளிடம் கொடுத்து, கரையைப் பார்த்து நடந்தாள். சோறு போகிற திசையில் பிள்ளைகள் போனார்கள். பிள்ளைகளின் பின்னால் தாய்மார்கள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். அப்படிப் போனவர்கள் அறுபது பேருக்கு மேல் இருக்கும்.

சேவுகன் தூரத்தில், மறுகரைப் பக்கமாக நின்றிருந்தான். முத்திருளாயி அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவன் பேரைச் சொன்னதில்லை. அவன் கேட்டுத் திரும்பினான். இவளை நோக்கி நாலு எட்டு வைத்தான். அப்போது கட்டி, தூக்கத்தில் மாடு தோலைச் சிலிர்ப்பதுபோல, ஒரு தடவை சிலிர்த்தது.

கண்மாயில் இருந்த அத்தனை கூவிகளும் ஒரே நேரத்தில் கூவின. நூறு இருநூறு விளக்குகள் வெயிலில் மின்னின. அப்படி ஒரு சத்தத்தை ஊர் கேட்டதில்லை. ஆண்கள் ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டு, ஆளுக்கொரு திசையில், அவரவர் துளைகளை நோக்கி ஓடத் தொடங்கினார்கள்.

"எல்லாமே கூப்பிடுது புள்ள," என்றான் சேவுகன். முகமெல்லாம் பல்லாக இருந்தது. "இரு, அத மட்டும் பாத்துட்டு வந்துர்றேன்."

திரும்பி ஓடினான். அவள் கண் முன்னால் கட்டி நடுவில் பிளந்து உள்ளே போனது.

அவள் நின்ற, மடைக்கட்டிலிருந்து நீண்டு கிடந்த துண்டு மட்டும் கரையைப் பற்றிக்கொண்டு நின்றதால் அவள் தப்பினாள் என்று பிறகு சொன்னார்கள். கட்டி முழுதும் மறுநாள் உச்சிக்குள், சாதாரண வெயிலில், சாதாரணக் கட்டியைப் போலக் கரைந்து போனது. ஒன்பது ஆண்களைச் சேற்றிலிருந்து எடுத்தார்கள். சேவுகனை எடுத்தபோது நரம்பு அவன் கையில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. அதன் முனையில், கடைசியாக மிஞ்சிக் கிடந்த குட்டைத் தண்ணீரில், ஒரு விரால் உயிரோடு இருந்தது. யாரோ அதை முள்ளிலிருந்து கழற்றி, சேறு போகக் கழுவி, முறைப்படி அவளுக்குச் சேர வேண்டியது என்று அவள் கையில் கொடுத்தார்கள். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கம்மா வாங்கிக்கொண்டு போகும்வரை நின்றாள்.

ஊர் ஒன்பது பேரைப் பற்றிப் பேசியதைவிட அந்த விராலைப் பற்றி அதிகம் பேசியது. கடைசிவரை கூவி சரியாகத்தான் கூப்பிட்டிருக்கிறது என்றார்கள். பன்னிரண்டு கம்பியும் ஒன்றாக நிமிர்ந்த வேகத்தில்தான் கட்டி விரிசல் விட்டது என்றும் ஒரு பேச்சு எழுந்தது. அதை முதலில் சொன்னது யார் என்று தெரியவில்லை, ஆனால் காரியம் முடிவதற்குள் எல்லோரும் அதைத் தாங்களே கண்ணால் பார்த்ததுபோலச் சொன்னார்கள். வீரணன் ஒன்பது பாடைக்கும் தோள் கொடுத்தார், ஒன்பது வீட்டிலும் உண்மையாக அழுதார். விசாரணைக்கு அதே கண்ணாடி போட்ட அதிகாரி வந்தார்.

"உங்க கருவிக்குச் சத்தம் ஏன் வைக்கலம்மா?" என்று கேட்டார். "சத்தம் இருந்திருந்தா எல்லாருக்கும் கேட்டிருக்கும்."

"நான் சத்தம் போட்டேன் சார்," என்றாள்.

"நீங்க கருவி இல்லையே," என்றார் அவர், வருத்தமாக. எழுதிக்கொண்டார். மடையைப் பற்றி அவர் கேட்கவில்லை; அவளாகச் சொன்னபோது, பாசன விஷயம் வேறு இலாகா என்றார்.

அடுத்த சித்திரையில் சிறுவயலங்குடிக் கண்மாய் மறுபடி உறைந்தது. அதோடு சுற்றுவட்டாரத்தில் நாலு கண்மாய்கள் உறைந்தன. எல்லா ஊரிலிருந்தும் சங்கத்துக்கு ஆள் வந்தது, கூவி கேட்டு. இப்போது பெட்டிகள் முழுதாக வருவதில்லை. உதிரிகளாக வந்தன, சங்கக் கட்டடத்தில் வைத்துப் பொருத்தினார்கள். ஒருநாள் காலையில் வீரணன் முத்திருளாயியின் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லும்வரை நின்றார்.

"ஒவ்வொண்ணையும் சரியாக் கூவுதான்னு பாத்து அனுப்ப ஒரு ஆளு வேணும்," என்றார். "ஒன் கை மாதிரி நுட்பமான கை இந்தப் பக்கத்துலயே கெடையாது. மாசச் சம்பளம். சேவுகனுக்கு நான் செய்ற கடமைன்னு வச்சுக்க."

அந்த ஒன்பது மாதத்தில் மெயின்ரோட்டு நிறுத்தத்தில் அவள் சாக்கில் ஒரு குடைகூட வந்து விழவில்லை. அவள் தொட்ட கம்பி ஆகாது என்று பெண்கள் அடுத்த ஊருக்குப் போய் ரிப்பேர் பார்த்தார்கள். உள்ளே வடிவு பத்தாவதுப் பரீட்சைக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு மடையத் தெறந்தது யாரு தலைவரே?" என்று கேட்டாள்.

வீரணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "மடைன்னா தெறக்கத்தானம்மா," என்றார். துண்டைத் திரும்பவும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் நடிக்கவில்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள்.

சங்கக் கட்டடத்து முன்னறையில், சன்னலோரம், ஒரு மேசை. இடப்பக்கம் பொருத்திய கூவிகள் வரும். அவள் ஒவ்வொன்றிலும் பேட்டரி போட்டு, மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருப்பாள். தானாகக் கூவினால் வலப்பக்க அட்டைப்பெட்டிக்குப் போகும். முதல் வாரம் அந்தச் சத்தத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு இறங்கியது. கை பழகிவிட்டது, ஒரு நாளைக்கு இருநூறு தாண்டியது. அவள் பார்த்து அனுப்பிய கூவிகளைப் பற்றி எந்த ஊரிலிருந்தும் புகார் வரவில்லை.

வைகாசியில் ஒருநாள் ஒரு பெட்டி கூவவில்லை. மின்விசிறிக் காற்றுக்குக் கூவவில்லை, வாசலில் மினிபஸ் நின்று கிளம்பியதற்குக் கூவவில்லை, பக்கத்தில் நாலு கூவிகள் கத்தியபோதும் சும்மா இருந்தது. அவள் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கொக்கியில் விரலை வைத்து, ஒரு சின்னக் கெண்டை இழுக்கும் அளவுக்கு, மெல்ல இழுத்தாள். கூவியது. விட்டாள். நின்றது. மறுபடி இழுத்தாள், மறுபடி விட்டாள். உள்ளேயிருக்கும் சுருள்கம்பியை யாரோ கைதவறி, எப்படி முறுக்க வேண்டுமோ அப்படி முறுக்கியிருந்தார்கள். அங்கே வந்த ஆயிரக்கணக்கான பெட்டிகளில் மீனுக்கு மட்டும் கூவக்கூடியது அது ஒன்றுதான்.

"என்னக்கா, ஊமையா?" என்று பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்த பெண் கேட்டாள். "ஓரமாத் தூக்கிப் போடுங்க."

"இல்ல, சரி பண்ணிரலாம்," என்றாள் முத்திருளாயி.

திருப்புளியை எடுத்து, மூடியைக் கழற்றி, சுருள்கம்பியை எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்தினாள். மேசைமேல் வைத்தாள். அவள் கையை எடுப்பதற்கு முன்பே அது கூவத் தொடங்கியது. மூடியைப் போட்டு முடுக்கி, வலப்பக்கப் பெட்டியில் மற்றவற்றோடு அடுக்கிவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.